மாடல் விமானத்துக்கு உறை: தாளா, பட்டா, ஃபிலிமா? தேர்வு முதல் ஒட்டி முடிப்பது வரை, வேலூர் வெயிலையும் மழையையும் கணக்கில் எடுத்த முழுமையான வழிகாட்டி

பால்சா என்னும் இலகுவான மரத்தால் ஆன சட்டகம் முழுதும் ஒட்டிக் காய்ந்த பிறகுதான் பலர் "இதன் மேல் எதை ஒட்டலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி முதல் ரிப்பை (இறக்கைக்கு வடிவம் தரும் விலாத் துண்டு) வெட்டுவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவதில் உறைக்குப் பெரிய பங்கு உண்டு. தாளை நம்பி வரைந்த சட்டகத்தில் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் போட்டால், கையில் பார்க்க அழகாக இருக்கும். வேகம் ஏறியதும் இறக்கை படபடக்கும்.

கீழே உள்ள வரிசை பால்சா சட்டகம் கொண்ட விமானங்களுக்கானது: முறுக்கிய ரப்பரால் பறக்கும் அரை மீட்டர் ரப்பர் விமானம் முதல் ஒன்றரை மீட்டர் மோட்டார் விமானம் வரை. எண்களை மாற்றிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது.

1. பரப்பளவும் எடையும்: கணக்குப் போடாமல் கடைக்குப் போகாதீர்கள்

இறக்கையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, மேல் கீழ் இரண்டுக்கும் சேர்த்து இரண்டால் பெருக்குங்கள். வாலுக்கும் இதே கணக்கு. உடலுக்கு நான்கு பக்கங்களையும் கூட்டுங்கள்.

60 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ரப்பர் விமான இறக்கைக்கு இரு பக்கமும் சேர்த்து 0.12 சதுர மீட்டர். வாலையும் உடலையும் சேர்த்தால் ஏறக்குறைய 0.18. சதுர மீட்டருக்கு 12 கிராம் வரும் ஜப்பானிய டிஷ்யூ ஒட்டினால் 2 கிராம் சொச்சம்தான் கூடும். 70 கிராம் வரும் ஃபிலிம் ஒட்டினால் 12 கிராமைத் தாண்டிவிடும். மொத்தமே 30 கிராமுக்குள் முடிய வேண்டிய விமானம் அந்தப் 10 கிராமைச் சுமந்துகொண்டு ஏறாது.

ஒன்றரை மீட்டர் நீளம், 22 செ.மீ. அகலம் உள்ள மோட்டார் விமானத்தில் நிலைமை வேறு. மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டரை ஒட்டி வரும். அதே ஃபிலிம் அங்கே 70 கிராம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு அது பொருட்டே இல்லை.

கடையில் வாங்கும் தாளில் எடை எழுதியிருக்காது. 50 செ.மீ.க்கு 40 செ.மீ. துண்டு ஒன்று வெட்டி நிறுத்து, கிராமை ஐந்தால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை கிடைக்கும். சமையலறைத் தராசு ஒரு கிராம் துல்லியம்தான் காட்டும், அதில் ஒற்றைத் தாளை நிறுத்தால் விடை தப்பும். அதே அளவில் பத்துத் தாள்களை அடுக்கி நிறுத்து, வந்த எடையைப் பாதியாக்குங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் டோப் (உறையை இறுக்கி மூடும் பூச்சு) எவ்வளவு ஏறியது என்று பார்க்கவும் அதுவே உதவும்.

2. சட்டகம் எதைத் தாங்கும், எதைக் கேட்கும்

உறை போடாத இறக்கையை இரு முனையிலும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கினால் அந்தச் சட்டகம் உறையின் விறைப்பை எதிர்பார்த்து வரையப்பட்டது என்று பொருள். டோப் பூசிய தாளும் டோப் பூசிய பட்டும் அந்த விறைப்பைத் தரும். ஃபிலிம் அந்த அளவுக்குத் தராது.

அப்படிப்பட்ட இறக்கையில் ஃபிலிம்தான் வேண்டும் என்றால், ரிப்புகளுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கொடுங்கள். அல்லது முன்விளிம்பிலிருந்து ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்) வரை மேலும் கீழும் 1.5 மி.மீ. பால்சா பலகை ஒட்டுங்கள். இதை உறை போட்ட பிறகு செய்ய முடியாது. முடிவு முன்கூட்டியே வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எதிர்த் தவறும் நடக்கிறது. மெல்லிய குச்சிகளால் ஆன வால் பகுதியில் நன்றாகச் சுருங்கும் ஃபிலிமைப் போட்டு முழுச் சூட்டில் இழுத்தால், வால் வில்லாக வளைந்துவிடும். மெல்லிய வாலுக்கு டிஷ்யூ, அல்லது சூடு குறைவாகக் கேட்கும் இலகு ஃபிலிம்.

அடுத்து எரிபொருள். ரப்பருக்கும் மின்மோட்டாருக்கும் எந்த உறையும் சரி. குளோ என்ஜின் என்றால் மெத்தனால் கலந்த எரிபொருள் நைட்ரேட் டோப்பைக் கரைத்துவிடும். அங்கே பியூட்டிரேட் டோப், அல்லது நைட்ரேட் காய்ந்த பின் இரண்டு பாகம் கலந்து பூசும் பாலியுரேத்தேன் கிளியர், அல்லது ஃபிலிம்.

கடைசியாக, எங்கே இறங்கப் போகிறது? பாலாற்று மணலில் இறங்கினால் தாள் உறையும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஆற்றின் கரையெங்கும் சீமைக் கருவேலம் நிற்கிறது. முள் பட்டால் தாளில் ஓட்டை விழும். இழுத்துக் கட்டிய ஃபிலிமில் ஒரு சிறு கீறல் ரிப் வரை ஓடிவிடும். மூன்றிலும் முள்ளைத் தாங்குவது பட்டுதான்.

3. எந்த உறைக்கு என்ன குணம்

*ஜப்பானிய டிஷ்யூ.* நீண்ட நார் கொண்ட தாள். நனைந்தாலும் எளிதில் கிழியாது, தண்ணீர் தெளித்தால் ஒரே சீராகச் சுருங்கும். ரப்பர் விமானத்துக்கும் ஒரு மீட்டருக்குக் குறைந்த கிளைடருக்கும் இதற்கு நிகரில்லை. இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. மாடல் பொருள் விற்பவர்களிடம் ஆன்லைனில்தான் வாங்க வேண்டும்.

*காத்தாடித் தாள்.* லாங் பஜார் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். விலை மிகக் குறைவு என்பதால் கை பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. வாங்கும்போது பளபளப்பான ரகத்தைத் தவிர்த்து மங்கலான ரகத்தைக் கேளுங்கள். பளபளப்புத் தாளுக்குள் தண்ணீரும் டோப்பும் சரியாக இறங்காது. சாயம் போகும் ரகமும் உண்டு: ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். பரிசுப் பொருள் சுற்றும் டிஷ்யூவை வாங்காதீர்கள். அதன் நார் குட்டை, நனைத்ததும் கையோடு வந்துவிடும்.

*பாலியஸ்டர் நார்த்தாள்.* நெய்யாத துணி போன்றது, பாலிஸ்பான் என்ற பெயரில் கிடைக்கும். தண்ணீருக்குச் சுருங்காது. இஸ்திரிப் பெட்டியால்தான் இழுக்க வேண்டும், அதுவும் டோப் பூசுவதற்கு முன்பே. டிஷ்யூவைவிட உரம் அதிகம், டோப்பும் அதிகம் குடிக்கும்.

*பட்டு.* பட்டுத் துணியின் எடையை மொம்மே என்ற அளவில் சொல்வார்கள். 1 மொம்மே என்றால் சதுர மீட்டருக்கு 4.34 கிராம். விமானத்துக்கு 5 மொம்மே, அதாவது 22 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பக்கத்திலேயே ஆரணி இருக்கிறதே, அங்கே நெய்யும் பட்டை வாங்கினால் என்ன என்று தோன்றும். ஆரணித் தறியில் வருவது சேலைத் துணி. இழை அடர்த்தி அதிகம், எடை பல மடங்கு, அதில் டோப் நிரப்பி முடிவதற்குள் இறக்கை கனத்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஹபுடாய் என்னும் மெல்லிய பட்டு லைனிங்.

லைனிங் கடைகளில் "சைனா சில்க்" என்று கொடுப்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர். நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியஸ்டர் லைனிங் தண்ணீருக்குச் சுருங்காது, ஆகவே 9ஆம் படியில் சொல்லும் முறை அதற்குப் பலிக்காது.

*ஃபிலிம்.* ஒரு பக்கம் சூட்டில் இளகும் பசையும் நிறமும் கொண்ட பாலியஸ்டர். மோனோகோட், ஓராகவர் போன்ற வழக்கமான ரகங்கள் சதுர மீட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரும். இலகு ரகங்கள் 30 முதல் 40. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மின்விமானத்துக்கு முதல் தேர்வு இதுதான். டோப் வாடை இல்லை, காயக் காத்திருக்க வேண்டியதில்லை, எரிபொருளும் ஒன்றும் செய்யாது.

*லேமினேஷன் தாள்.* அடையாள அட்டைக்குப் போடும் 125 மைக்ரான் பவுச்சை இறக்கையில் ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது சதுர மீட்டருக்கு 130 கிராமுக்கு மேல் வரும், தொடாதீர்கள். 38 மைக்ரான் பாலியஸ்டர் ரோல் கிடைத்தால் பெரிய விமானத்துக்குப் பயன்படும். நிறம் இருக்காது.

தெர்மோகோல் இறக்கைக்கு இவற்றில் பலவும் பொருந்தா. தின்னர் அதைக் கரைக்கும், வழக்கமான ஃபிலிமின் சூடு அதை உருக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பழுப்புத் தாள் ஒட்டுங்கள், அல்லது பேக்கிங் டேப்.

4. எந்த மாதம், எந்த நேரம்

டோப் வேலைக்கு வேலூரில் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் டோப்பைத் திறக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து டோப் வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்த இடத்தில் வலுவும் குறைவு. அப்படி நேர்ந்தால் சுரண்டாதீர்கள். வெயில் அடிக்கும் நாள் வரை காத்திருந்து, ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மெல்லியதாகப் பூசினால் தெளிந்துவிடும்.

கத்திரி வெயிலில் வேறு தொல்லை. 40 டிகிரியில் டோப் தூரிகையிலேயே காய்ந்து, இழுக்கும் இடமெல்லாம் கோடும் குமிழும் விழும். அந்த நாட்களில் காலை 8 முதல் 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். மற்ற மாதங்களில் முற்பகல் 11க்குப் பிறகு, காற்று உலர்ந்திருக்கும் நேரம்.

தாள் உறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தாள் ஈரத்தில் தளரும், வறட்சியில் இறுகும். மழை மாதத்தில் தளர்ந்திருக்கும் தாளை விறைப்பாக இழுத்து ஒட்டினால், சித்திரையில் அது மேலும் இறுகி இறக்கையை முறுக்கிவிடும். ஃபிலிமை எந்த மாதத்திலும் ஒட்டலாம்.

5. முதலில் வாங்கி அடுக்க வேண்டியவை

உப்புத்தாள் 240, 320, 400 எண்கள். வழக்கமான பிளேடு தாளைப் பிய்க்கும், ஆகவே சர்ஜிக்கல் பிளேடு 11ஆம் எண்ணும் அதற்கான 3ஆம் எண் பிடியும் வாங்குங்கள். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். அங்கேயே இரண்டு இன்சுலின் ஊசியும் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தாளுக்கும் பட்டுக்கும்: டோப், தின்னர், ஒரு அங்குல மென்மயிர்த் தூரிகை, தண்ணீர் தெளிப்பான், விளக்கெண்ணெய். டோப் கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர் பயன்படும். ஆனால் அது டோப் போல இழுத்து இறுக்காது, தண்ணீரால் சுருக்கிய தாளை மூடிப் பாதுகாக்கும், அவ்வளவுதான். என்.சி. தின்னரில் மலிவு ரகம் பூத்துப்போகும், நல்ல ரகமாகக் கேளுங்கள். மரத்தின் துளைகளை அடைக்கப் பூசும் சாண்டிங் சீலர் வேண்டாம். உப்புத்தாளில் எளிதாகத் தேய்வதற்கு அதில் சேர்க்கும் பொருள் உறையின் பிடிப்பைக் கெடுக்கும்.

ஃபிலிமுக்கு: நீராவி இல்லாத சிறிய இஸ்திரிப் பெட்டி, அதன் அடியில் கட்ட மெல்லிய பருத்தித் துணி, இருந்தால் ஹீட் கன். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு போதாது.

உறையைக் கணக்கிட்ட பரப்பைவிட கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். ஓரமடிப்பும் சோதனைத் துண்டும் அதைச் சாப்பிட்டுவிடும்.

தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மொட்டைமாடியிலோ திறந்த வராந்தாவிலோ வேலை செய்யுங்கள். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, சுவிட்ச் எதுவும் அருகில் கூடாது.

6. சோதனைச் சட்டம்

மீந்த பால்சாவில் 10 செ.மீ.க்கு 15 செ.மீ. சட்டம் ஒன்று ஒட்டி, நடுவே ஒரு குறுக்குக் குச்சி வையுங்கள். வாங்கிய உறையை இதில் முழு முறைப்படி ஒட்டி, சுருக்கி, டோப் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

சட்டம் முறுக்கிக்கொண்டால் உறை உங்கள் சட்டகத்துக்கு மிஞ்சிய இழுப்பு கொண்டது. தொளதொளவென்று நின்றால் தண்ணீருக்குச் சுருங்காத தாள். நிறம் வழிந்தால் சாயத் தாள். பத்து ரூபாய்த் தாளில் தெரிந்துகொள்ள வேண்டியதை முழு இறக்கையில் தெரிந்துகொள்ளாதீர்கள். புதியவர்கள் அதிகம் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான்.

7. சட்டகத்தைத் தயார் செய்தல்

உறை சட்டகத்தின் குறையை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். ஒட்டுப் பசையின் திட்டு, ரிப்பின் மேடு, நசுங்கிய குழி எல்லாம் மேலே தெரியும். 240, 320, 400 என்ற வரிசையில், நீளமான பலகையில் உப்புத்தாளை ஒட்டித் தேயுங்கள். விரலால் பிடித்துத் தேய்த்தால் ரிப்புகளுக்கு இடையே முன்விளிம்பு பள்ளமாகும்.

நசுங்கிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பால்சா உப்பி எழும். அது முழுதும் காய்ந்த பிறகே தேய்க்க வேண்டும்.

ஒவ்வொரு ரிப்பிலும் ஊசியால் ஒரு துளை போடுங்கள், கடைசி ரிப் வரை. ஃபிலிம் மூடிய அறைக்குள் அகப்பட்ட காற்று வெயிலில் விரிந்து உறையைப் பூரி மாதிரி உப்பவைக்கும். உறை போட்ட பின் உள் ரிப்புகளில் துளை போட வழியில்லை.

தாளுக்கும் பட்டுக்கும் மட்டும்: உறை தொடும் மரம் எல்லாவற்றிலும், பாதிக்குப் பாதி தின்னர் கலந்த டோப்பை இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சுக்குப் பிறகு மரநார் நிமிர்ந்து நிற்கும், 400 தாளால் தேய்த்துவிட்டு இரண்டாவது பூச்சு. இந்த அடிப்பூச்சுதான் பின்னால் பசையாக வேலை செய்யப் போகிறது.

கடைசியில் தூசியைத் துடைத்து எடுங்கள். தூசி படிந்த மரத்தில் ஃபிலிம் ஒட்டினாற்போல் இருக்கும், முதல் வெயிலில் எழுந்துவிடும்.

8. தாள் ஒட்டும் வரிசை

தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: நார்த் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். அந்தத் திசை இறக்கையின் நீளவாக்கில் வர வேண்டும். நார் ஓடும் பக்கம் தாள் விறைப்பானது, அதனால் ரிப்புகளுக்கு நடுவே குழி விழுவது குறையும். பளபளப்பான பக்கம் வெளியே.

வாலில் தொடங்குங்கள். சிறியது, தட்டையானது, கெட்டால் நட்டம் குறைவு. பிறகு இறக்கையின் அடிப்பக்கம், அதன் பின் மேல்பக்கம். இந்த வரிசையில் மேல்தாளின் ஓரம் அடித்தாளின் மேல் மடிந்து, ஒட்டு கீழே மறைந்துவிடும்.

தாளை உலர்ந்த நிலையில் விரித்து, நடு ரிப்பில் தூரிகையால் தின்னர் தொடுங்கள். தின்னர் தாளுக்குள் இறங்கி அடியில் உள்ள டோப்பை இளக்கும், விரலால் தடவினால் பிடித்துக்கொள்ளும். அடுத்து நுனி, பின் முன்விளிம்பு, கடைசியாகப் பின்விளிம்பு. மேல்பக்கத்துக்கு ஓரங்களில் மட்டும் ஒட்டினால் போதும். அடிப்பக்கம் உள்வளைந்த இறக்கை என்றால் அடியில் எல்லா ரிப்பிலும் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கும்போது தாள் ரிப்பை விட்டுப் பிரிந்து இறக்கையின் வளைவே மாறிவிடும்.

டோப் இல்லாதவர்கள் ஃபெவிஸ்டிக்கோ, பாதித் தண்ணீர் கலந்த ஃபெவிகாலோ பயன்படுத்தலாம். இரண்டும் தண்ணீருக்கு இளகும் பசைகள். ஆகவே தண்ணீர் தெளிக்கும் முன் ஓரங்களில் லாக்கர் ஒரு கோடு பூசிக் காயவிடுங்கள்.

இறுக்கி இழுக்க வேண்டாம். சுருக்கம் இல்லாமல் படிந்தால் போதும். இறுக்குவது தண்ணீரின் வேலை.

6 மி.மீ. ஓரம் விட்டு வெட்டி, மடித்து ஒட்டிக் காயவிட்ட பிறகு, 30 செ.மீ. தள்ளி நின்று பனிபோலத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். உடனே தட்டையான பலகையில், 5 மி.மீ. துண்டுகளின் மேல் இறக்கையைத் தூக்கி வைத்துக் குண்டூசியால் நிறுத்துங்கள். அடியிலும் காற்றோட்டம் இருந்தால்தான் இரு பக்கமும் ஒன்றாகக் காயும். ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் அந்தப் பக்கம் இறக்கை வளையும். வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் காயட்டும். மெல்லிய வாலுக்குத் தண்ணீரோடு சம அளவு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து தெளித்தால் இழுப்பு குறையும்.

அதன் பின் டோப், பாதிக்குப் பாதி தின்னர் கலந்து. ரப்பர் விமானத்துக்கு இரண்டு பூச்சு, சிறு மோட்டார் விமானத்துக்கு மூன்று அல்லது நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே சில மணி நேரம் காய வேண்டும். டோப் பூசிய பிறகும் பல வாரங்கள் மெல்ல இறுகிக்கொண்டே போகும். அதைத் தணிக்க, தின்னர் கலக்காத டோப் 100 மி.லி.க்கு 2 மி.லி. விளக்கெண்ணெய் சேர்க்கிறோம். அதிகமானால் பிசுபிசுப்பு போகாது. தூரிகையை ஒரு முறை இழுத்த இடத்தில் மறுபடி இழுக்காதீர்கள், கீழே உள்ள பூச்சு கரைந்து தாள் நகரும்.

9. பட்டு ஒட்டுவதில் உள்ள வேறுபாடு

பட்டை நனைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஈரப் பட்டு நுனி வளைவிலும் மூக்கின் உருண்டையிலும் வெட்டே இல்லாமல் படியும். உலர்ந்த பட்டு மடிப்பு விழும்.

கரையின் போக்கு இறக்கையின் நீளவாக்கில் வரும்படி வெட்டி, தண்ணீரில் முக்கி, பிழிந்து, உதறி விரியுங்கள். ஓரங்களில் தின்னர் அதிகம் கலக்காத டோப்பைத் துணியின் ஊடே தேயுங்கள். ஈரம் பட்டு டோப் வெள்ளையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அடுத்த பூச்சின் தின்னர் அதைத் தெளிய வைத்துவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் வெள்ளை பூப்பதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.

முழுதும் காய்ந்த பிறகே ஓரத்தைப் புதிய பிளேடால் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் இழை உருவி வரும்.

முதல் இரண்டு பூச்சில் தூரிகையில் டோப் மிகக் குறைவாக இருக்கட்டும். இழைகளின் இடைவெளி இன்னும் அடையாததால், நிறைய டோப் எடுத்தால் உள்ளே சொட்டி, அடிப்பக்கத் துணியில் திட்டுத் திட்டாக உறையும். வெளியே ஒன்றும் தெரியாது, எடை மட்டும் கூடும். ஐந்து முதல் எட்டுப் பூச்சில் இழை அடைந்து பரப்பு மூடும். முடிவில் உறையின் எடை உலர்ந்த துணியைப் போல இரு மடங்கை நெருங்கும், சில வேளை தாண்டும். 1ஆம் படிக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. ஃபிலிம் ஒட்டும் வரிசை

ஃபிலிமின் பசைப் பக்கத்தில் கண்ணாடி போன்ற காப்புத் தாள் ஒன்று இருக்கும். மூலையில் இரு பக்கமும் டேப் ஒட்டி எதிரெதிரே இழுத்தால் பிரியும். அதைப் பிரிக்காமலேயே இஸ்திரி போட்டுவிட்டு "ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்று தவிப்பது புதியவர்களிடம் மிகச் சாதாரணம்.

இரண்டு சூடு தேவை. ஒட்டுவதற்கு 100 முதல் 120 டிகிரி, சுருக்குவதற்கு 150 முதல் 170. ரகத்துக்கு ரகம் மாறும், ரோலோடு வரும் குறிப்பே முடிவானது. வீட்டு இஸ்திரிப் பெட்டியில் டிகிரி எழுதியிருக்காது. துண்டு ஃபிலிமை மீந்த பால்சாவில் வைத்து, ஒட்டும் இடத்தையும் சுருங்கும் இடத்தையும் கண்டுபிடித்து, பெட்டியின் சூடு மாற்றும் குமிழில் பென்சிலால் இரண்டு குறி போடுங்கள்.

தாளுக்குச் சொன்ன அதே வரிசை: வால், இறக்கை அடி, இறக்கை மேல். உடலுக்கு அடி, பக்கங்கள், மேல். இரு நிறம் சேரும் இடத்தில் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் அதன் மேல். மாற்றிப் போட்டால் அடர் நிறம் கீழிருந்து தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் விளிம்பு பின்னோக்கி இருக்க வேண்டும், முன்னோக்கி இருந்தால் காற்று அதைப் பிரிக்கும்.

முதலில் இறக்கை நடுவில் ஒரு புள்ளி, இழுத்து நுனியில் ஒரு புள்ளி. பிறகு முன்விளிம்பின் நடு, பின்விளிம்பின் நடு. இப்படி எதிரெதிராக ஒட்டிப் போங்கள். ஒரு ஓரத்தை முழுதும் முடித்துவிட்டு மறு ஓரத்துக்குப் போனால் குறுக்குச் சுருக்கம் விழும், அதை எந்தச் சூடும் எடுக்காது.

எல்லா ஓரமும் நன்றாகப் பிடித்த பிறகுதான் சூட்டைக் கூட்ட வேண்டும். மேல்பக்கம் கொஞ்சம், அடிப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி. ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், ஒட்டுவிளிம்புக்கு அருகே கொண்டு போகவும் வேண்டாம். அங்கே பசை இளகி, சுருங்கும் ஃபிலிம் விளிம்பை உருவிக்கொண்டு போய்விடும். பலகை ஒட்டிய பகுதியில் குமிழ் வந்தால், இன்சுலின் ஊசியால் குத்தி, காற்றை வெளியே தள்ளித் தேயுங்கள்.

முடித்த விமானத்தை அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். சுருக்கம் எழுந்தால் அந்த இடம் போதிய சூடு பெறவில்லை என்று பொருள், மறுபடி இழுங்கள். கறுப்பும் கருநீலமும் நம் வெயிலில் மிகவும் சூடேறித் தளரும். மேல்பக்கத்துக்கு மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு. அடியில் மட்டும் அடர் பட்டைகள் போட்டால் வானத்தில் மேல் கீழ் எதுவென்று தெளிவாகத் தெரியும்.

11. முறுக்கும் சமநிலையும்

இறக்கையைப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். இரு பாதியிலும் பின்விளிம்பு ஒரே மாதிரி தெரிய வேண்டும். நுனியில் வேண்டுமென்றே விட்ட முறுக்கு இருந்தால் அது இரு பக்கமும் சமமா என்று பாருங்கள். ஃபிலிம் இறக்கையை எதிர்த்திசையில் சற்று அதிகமாக முறுக்கிப் பிடித்து, இரு பக்கமும் சூடு காட்டி, ஆறும் வரை பிடித்திருந்தால் சரியாகும். தாள் இறக்கையைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி, எதிர்த்திசையில் முறுக்கி, பலகையில் குத்தி ஓர் இரவு விடுங்கள்.

அடுத்து எடை மையம். வாலில் ஏறும் உறையின் எடை பல மடங்காகத் திரும்பி வரும். எடை மையத்திலிருந்து வால் 60 செ.மீ., மூக்கு 20 செ.மீ. தூரம் என்றால், வாலில் கூடிய 5 கிராமைச் சரிக்கட்ட மூக்கில் 15 கிராம் ஈயம் வேண்டும். இறக்கைக்கு வழக்கமான ஃபிலிமும் வாலுக்கு இலகு ஃபிலிமும் போடுவது இதற்காகத்தான், ரோல் மீந்ததற்காக இல்லை.

12. கிழிந்தால்

தாளில் விழுந்த ஓட்டையை முதலில் ஒழுங்கான வடிவத்தில் வெட்டுங்கள். கந்தலான ஓரத்தின் மேல் ஒட்டுப் போட்டால் அது மேடாக நிற்கும். எல்லாப் பக்கமும் 5 மி.மீ. பெரிய துண்டை அதே நார்த் திசையில் வைத்து, ஓரத்தில் டோப் தொட்டு ஒட்டுங்கள். ஒட்டிய இடத்துக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

ஃபிலிமில் முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடையுங்கள். 10 மி.மீ. ஏறும்படி துண்டு வெட்டி, மூலைகளை உருட்டி, ஒட்டும் சூட்டில் மட்டும் தேயுங்கள். சுருக்கும் சூட்டைக் காட்டினால் பழைய கிழிசல் உள்ளே வாய் விரியும். மைதானத்தில் அவசரத்துக்கு ஒளிபுகும் டேப் ஒட்டலாம். அன்று மாலையே அதை எடுத்துவிடுங்கள். நாலு நாள் வெயில் தின்ற டேப்பை உரித்தால் அடியில் உள்ள நிறமும் சேர்ந்து வரும்.